எட்டு மணியில இருந்து எட்டு அஞ்சு வரைக்கும்

2025 மார்ச் 15, சனிக்கிழமை. காலமை எட்டு மணிக்கு நான் எங்கட வளவுக்க மாமரத்துக்குக் கீழ பேனையும் ஜிஎஸ் (கிராம சேவகர்) தந்துவிட்ட தாளுமா நிண்டன். நாடு முழுக்க அந்த அஞ்சு நிமிஷம் எல்லாரும் அவையவையின்ர வளவில, தோட்டத்தில நிண்டு குரங்கு, மந்தி, மர அணில், மயில் எல்லாத்தையும் எண்ணி எழுதவேணும் எண்டு விவசாய அமைச்சு சொல்லியிருந்தது. எங்கட வீடு திருகோணமலை உப்புவெளிப் பக்கம், பின்னால ஒரு துண்டுப் பத்தைக்காடு கிடக்கு, குரங்கு வராத நாள் இல்லை. அதால அம்மா முதல் நாளே நல்லா எண்ணு, ஒண்டும் விடாத எண்டு சொல்லி வச்சிருந்தா.

எட்டு அஞ்சுக்கு என்ர தாளில இருந்தது மயில் 2. அவ்வளவுதான். தாளை மடிச்சு உள்ள கொண்டுபோய் வைக்கேக்க எட்டு இருபது இருக்கும், கூரையில தட தட எண்டு சத்தம், ஒரு கூட்டமே வந்து இறங்கிச்சுது. நான் பாத்த அளவில பதினேழு, தாயின்ர வயித்தில தொங்கிக்கொண்டு இருந்த குட்டியளைச் சேர்த்தா இன்னும் ரெண்டோ மூண்டோ. தென்னையில ஏறி குரும்பட்டி எல்லாத்தையும் பிடுங்கிப் பிடுங்கி எறியுதுகள். தேங்காய் ஒண்டு 200 ரூபாயைத் தாண்டின காலம் அது. அம்மா அழாத குறையா, "மகன், இதை எழுது, இதை எழுதாம வேற என்னத்துக்கு அந்தத் தாள்" எண்டு கேட்டா.

நான் எழுதேல்ல. எட்டு அஞ்சோட நிப்பாட்டச் சொன்னவை, நிப்பாட்டினன். பக்கத்து வளவு மாமா 40 எண்டு எழுதிக் குடுத்தவர். ஏனெண்டு கேட்டன், "நேத்து வந்தது நாப்பது தம்பி, இண்டைக்கு அந்த அஞ்சு நிமிஷம் வரேல்ல எண்டதுக்காக எனக்குக் குரங்கே இல்லை எண்டு எழுதச் சொல்லுறியோ" எண்டார். அவர் பொய் சொல்லுற மனுசன் இல்லை. அவர் எழுதினதும் உண்மை, நான் எழுதினதும் உண்மை, ஆனா ரெண்டு தாளையும் ஒரே கூட்டலுக்க போட்டா வாற எண் என்ன எண்? அண்டைக்கு இருந்து இந்தக் கேள்வி எனக்குள்ள கிடக்கு.

என்ர வேலை ஒரு ஹாட்வெயார் கடையில கணக்கு எழுதுறது. வருஷத்தில ரெண்டு தரம் ஸ்டாக் எடுப்பம். ரெண்டு பேர் தனித்தனியா எண்ணி, ரெண்டு தாளையும் பக்கத்தில வச்சுப் பாப்பம், வித்தியாசம் வந்தா மூண்டாவது ஆள் போய் எண்ணுவார், மூண்டு பேரின்ர கையெழுத்தும் தாளில இருக்கும். ஆணியை ஆரும் ஒவ்வொண்டா எண்ணுறேல்ல, அது நிறுத்துத்தான் கணக்கு. ஆனா "நிறுத்தது" எண்டு தாளில எழுதியிருக்கும். எண்ணினது எது, நிறுத்தது எது, குத்துமதிப்பா போட்டது எது எண்டு பிரிச்சு எழுதாத ஸ்டாக் தாளை எங்கட முதலாளி கையாலயும் தொடமாட்டார். ஒரு கடையின்ர ஆணிக்கே இவ்வளவு பார்க்கிறம்.

பிறகு முடிவு வந்தது. குரங்கு மட்டும் 50 லட்சத்துக்கு மேல, மயில் 40 லட்சத்துக்கு மேல எண்டு சொல்லிச்சினம். 2024-ல எடுத்த சனத்தொகைக் கணக்கில இந்த நாட்டில மனுசரே 2 கோடி 17 லட்சம் சொச்சம், அப்ப நாலு மனுசருக்கு ஒரு குரங்குக்குக் கிட்ட. தேத்தண்ணிக் கடையில அண்டைக்கு முழுக்க இதுதான் கதை, பாதிப்பேர் இவ்வளவு இருக்காது எண்டு, மிச்சப்பேர் இதைவிட இருக்கும், எங்கட ரோட்டிலயே இருக்குது எண்டு. விலங்கியல் படிச்சவையும் கனபேர் இந்த எண்ணைக் கேள்வி கேட்டவை. எனக்கு 50 லட்சம் கூடவோ குறையவோ எண்டு தெரியாது. என்ர கோபம் வேற. அந்த 50 லட்சத்துக்க நேராக் கண்டு எண்ணினது எவ்வளவு, திரும்பி வராத தாளுகளுக்குப் பதிலா கணிச்சுச் சேர்த்தது எவ்வளவு எண்டு எங்கட ஊருக்கு ஆரும் வந்து சொல்லேல்ல. நாங்கதானே எண்ணினனாங்கள்? எங்கட தாளுக்கு என்ன நடந்தது எண்டு எங்களுக்குச் சொல்லக்கூடாதோ?

அஞ்சு நிமிஷம் எண்டது மடைத்தனமான யோசனை இல்லை, அதையும் சொல்லவேணும். எல்லாரும் ஒரே நேரத்தில எண்ணினா என்ர வளவில இருந்து மாமாவின்ர வளவுக்குப் பாயிற குரங்கை ரெண்டு பேரும் எண்ண வாய்ப்புக் குறைவு, அதுக்காகத்தான் நேரத்தைச் சுருக்கினது. இந்த ஒரு வசனத்தை முதலே விளங்கப்படுத்தியிருந்தா மாமா நாப்பது எழுதியிருக்க மாட்டார் எண்டு நான் நம்பிறன்.

எங்கட சனத்துக்கு அரசாங்கத்தின்ர எண்ணில ஒரு பழைய சந்தேகம் இருக்கு, அதைக் குரங்குக் கணக்கில இருந்து பிரிச்சுப் பார்க்க எனக்கு ஏலாது. 1981-க்குப் பிறகு 2012 வரைக்கும் நாடு முழுக்க எடுக்கிற சனத்தொகைக் கணக்கு திருகோணமலை மாவட்டத்தில முழுசா நடக்கேல்ல. 2001-ல எடுத்தது வடக்கு கிழக்கில அரைகுறை. முப்பது வருஷம், இடம்பெயர்ந்தது எத்தனை, செத்தது எத்தனை, சுனாமியில போனது எத்தனை எண்டு ஆளுக்கொரு எண் சொல்ல, அந்த எண்ணில நிவாரணமும் காணியும் வாக்கும் தொங்கிக்கொண்டு இருந்தது. "வீட்டில எத்தனை பேர்" எண்டு ஒருத்தர் தாளோட படலையில வந்து நிண்டா என்ர அம்மம்மா முதல்ல கேக்கிறது "என்னத்துக்கு?" எண்டுதான். பதில் சொல்லுறதும் சொல்லாததும் அதுக்குப் பிறகு. அந்த ஒரு சொல்லுக்குள்ள எல்லாம் இருக்கு எண்டு எனக்கு இப்ப விளங்குது.

சரி, யானைக்கு வாறன்.

சித்தப்பாவின்ர வயல் தம்பலகாமத்தில. பெரும்போகம் கதிர் முத்தி வெட்டப்போற நேரம் அவர் வீட்டில படுக்கிறேல்ல, பரணில வெடியும் டோர்ச்சுமா விடிய விடிய இருப்பார். அவருக்கு அறுபத்தேழு வயசு. 2024 ஆகஸ்ட் 17, 18, 19 எண்டு மூண்டு நாள் நாடு முழுக்க யானைக் கணக்கெடுப்பு நடந்தது. பிறகு வந்த எண் 7,451. அதுக்கு முதல் 2011 ஆகஸ்டில எடுத்தது 5,879. அந்த 5,879-ல வனஜீவராசிகள் திணைக்களத்தின்ர கிழக்கு வலயம் 1,573. நான் போனில பாத்து இதைச் சொல்ல, சித்தப்பா சிரிக்கவும் இல்லை, ஏசவும் இல்லை. "எங்கட வயல் வட்டைக்க வாறதை எண்ணினவங்களோ?" எண்டு மட்டும் கேட்டார்.

இந்தக் கணக்கு எப்பிடி எடுக்கிறது எண்டு எனக்குத் தெரிஞ்சது ஒரு கூட்டாளியால. அவன் 2024-ல ஒரு குளத்தடியில இருந்தவன். ஆகஸ்ட் எங்கட பக்கம் நல்ல கோடை, சின்னக் குளம் குட்டை எல்லாம் வத்தியிரும், தண்ணி இருக்கிற இடத்துக்கு யானை வந்தே தீரவேணும். பௌர்ணமியை ஒட்டி எடுக்கிறது, நிலவு வெளிச்சத்துக்கு. குளத்தடியில மரத்திலயோ பரணிலயோ இருந்து, வாற யானை எத்தனை, கொம்பனோ, பெண்ணோ, குட்டியோ, எத்தனை மணிக்கு வந்தது, எந்தப் பக்கத்தால வந்தது, எந்தப் பக்கத்தால போனது எல்லாம் எழுதவேணும். ஒரு சாமத்தில அவனுக்குப் பின்னால காட்டுக்க கொப்பு முறியிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்ததாம், குறைஞ்சது நாலஞ்சு நிக்கும் எண்டு கூட இருந்த அனுபவக்காரர் சொன்னவராம், ஆனா தண்ணிக்கு இறங்கேல்ல, கண்ணால காணேல்ல, எழுதேல்ல. கண்டதை மட்டும் எழுது எண்டதுதான் சட்டம்.

அப்ப 5,879 எண்டதும் 7,451 எண்டதும் "இவ்வளவுதான் இருக்கு" எண்ட எண் இல்லை. குறைஞ்சது இவ்வளவு, கண்டது இவ்வளவு எண்ட எண். இதைப் பேப்பரில தலைப்புப் போடேக்க அந்த "குறைஞ்சது" எண்ட சொல்லைத் தூக்கி எறிஞ்சிருவினம். பிறகு சனம் 7,451-ல இருந்து 5,879-ஐக் கழிச்சு, யானை 1,572 கூடிப்போச்சு எண்டு கதைக்கும். கூடியிருக்கலாம். ஆனா கூட இடத்தில கூட ஆக்கள் இருந்து பாத்தாலும் எண் கூடும், மழை முந்தினா குறையும். எங்கட கடையில ஒரு வருஷம் முன் அறையை மட்டும் எண்ணி அடுத்த வருஷம் பின் அறையையும் சேர்த்து எண்ணினா சாமான் கூடிற்று எண்டு ஆரும் சொல்லமாட்டம். இன்னொரு பக்கத்தால பாருங்கோ, 2023-ல மட்டும் 480-க்கு மேல யானை செத்தது, 180-க்கு மேல மனுசரும் யானையால செத்தவை. வருஷா வருஷம் நூற்றுக்கணக்கில சாகேக்க எண் எப்பிடிக் கூடும் எண்டு கேக்கிற சனத்துக்கு ஒரு ஒழுங்கான மறுமொழி குடுக்கவேணும். அது அவையின்ர உரிமை.

2011-ல நடந்த ஒரு விஷயத்தை இஞ்ச கனபேர் மறந்துபோச்சினம், நான் மறக்கேல்ல. கணக்கெடுப்புத் தொடங்கிறதுக்குச் சில நாளுக்கு முதல், எண்ணி முடிய 300 அளவு இளம் யானைகளைப் பிடிச்சு விகாரைகளுக்கும் சுற்றுலாவுக்கும் குடுக்கப்போறம் எண்டு அப்ப இருந்த வனஜீவராசிகள் அமைச்சர் சொன்னதா செய்தி வந்தது. உடன கிட்டத்தட்ட 20 சூழல் அமைப்புகள் நாங்க இதில நிக்கமாட்டம் எண்டு விலகிச்சினம். குளத்தடியில இருந்து எண்ணத் தெரிஞ்ச, யானையில உண்மையான பாசம் உள்ள ஆக்கள் அவை. அவைக்கு எண்ணுறது பிழை இல்லை, எண்ணுறதின்ர காரணம்தான் பிழை. அம்மம்மாவின்ர அதே "என்னத்துக்கு?". அந்த ஒரு பேச்சோட அந்த வருஷத்து எண்ணில ஒரு கறை விழுந்தது, எண்ணினவை ராத்திரி முழுக்க நித்திரை முழிச்சு எவ்வளவு நேர்மையா எண்ணியிருந்தாலும். அவையை நினைக்க எனக்கு இண்டைக்கும் மனம் கஷ்டமா இருக்கு.

இந்த நேரத்திலதான் நோர்வேயில இருக்கிற பெரியம்மாவின்ர மகன், அண்ணாவோட கதைச்சன். அவர் பஸ் ஓடுறவர், சுவீடன் எல்லைப் பக்கம் காடும் பனியுமான ஒரு ஊரில இருக்கிறார். யானைக் கதையைக் கேட்டிட்டு "தம்பி, இஞ்ச இதே சண்டைதான், ஓநாய்க்கு" எண்டார்.

எங்கட நாட்டில ஓநாய் இல்லை. ஆடு நனையுதெண்டு ஓநாய் அழுததாம் எண்ட பழமொழியிலதான் நாங்க ஓநாயைக் கண்டது, இஞ்சத்தைக் காட்டில இருக்கிறது நரி. ஆனா அண்ணா சொல்லச் சொல்ல எனக்குத் தம்பலகாமம்தான் கண்ணுக்க நிண்டது. அங்க கோடையில செம்மறியை மேய்ப்பன் இல்லாம காட்டுக்கும் மலைக்கும் விட்டிருவினம், ஓநாய் வந்து அடிக்கும். வேட்டைக்குக் கொண்டுபோற நாயையும் கொல்லும், அது ஆட்டைவிடப் பெரிய துக்கமாம், நாய் வீட்டில வளர்ந்த பிள்ளை மாதிரி. நாட்டின்ர தென்கிழக்கில, நிலத்தில 5 வீதம் அளவு, ஓநாய் வலயம் எண்டு ஒதுக்கி, வருஷத்துக்கு 4-ல இருந்து 6 தரம் குட்டி போட்டாப் போதும் எண்டு பாராளுமன்றமே இலக்கு வச்சிருக்கு. எவ்வளவு சுடலாம் எண்டதும் அந்தக் கணக்கில தான் தொங்குது. அப்ப கணக்கு ஆர் சொல்லுறது எண்டதில சண்டை வராமப் போகுமோ.

எண்ணுற விதத்தைக் கேட்டு நான் கொஞ்ச நேரம் பேசாம இருந்திட்டன். ஒக்டோபரில இருந்து மார்ச் வரைக்கும் பனியில விழுந்த கால்தடத்தைப் பிடிச்சுக்கொண்டு கிலோமீற்றர் கணக்கில போவினம், வழியில கிடக்கிற மலம், மூத்திரம் விட்ட பனி, மயிர் எல்லாத்தையும் பொறுக்கி டிஎன்ஏ பாப்பினம், ஒவ்வொரு ஓநாய்க்கும் ஒரு இலக்கம் இருக்கு, அதின்ர தாய் தகப்பன் ஆர் எண்டுகூட இருக்கு. ஓநாய்க்கு எல்லை தெரியாதுதானே, அதால சுவீடனும் நோர்வேயும் சேர்ந்துதான் எண்ணுது. இது மட்டும் எண்டா நான் பெரிசா ஆச்சரியப்பட்டிருக்க மாட்டன், காசுக்கார நாடு, செய்யினம். ஆனா அண்ணா தன்ர போனில ஒரு செயலியைத் திறந்து காட்டினார், ஸ்காண்டொப்ஸ் எண்டு பேர். அங்க ஆரும், ஆடு வளக்கிறவர், பஸ் ஓடுறவர், பள்ளிக்கூடப் பிள்ளை, தான் கண்டதைப் படத்தோட போடலாம், மற்றவை போட்டதைப் பாக்கலாம். ரொவ்பாஸ் எண்டு இன்னொண்டு, அதில செத்துக் கிடந்த விலங்குகள், டிஎன்ஏ முடிவுகள் எல்லாத்தையும் தேடிப் பார்க்கலாம். கால்தடத்தைக் கண்டு சொல்லுறதில கனபேர் வேட்டைக்காரர்தான், அதாவது ஓநாயைச் சுட விரும்பிறவையே எண்ணிக்கைக்குக் கையும் குடுக்கினம்.

அப்ப எல்லாரும் நம்புகினமோ எண்டு கேட்டன். "இல்லையடா" எண்டார்.

அங்க கனகாலமா ஒரு கதை. பழைய ஓநாய் 1970 அளவில அழிஞ்சுபோச்சு, இப்ப நிக்கிறது தானா வந்ததில்லை, மிருகக்காட்சிச்சாலை ஓநாயைக் கொண்டுவந்து ரகசியமாக் காட்டில விட்டவங்கள் எண்டு. எவ்வளவு பலமான கதை எண்டா, 2016-ல பாராளுமன்றமே இதை ஆராயச் சொன்னது, பல்கலைக்கழக ஆக்கள் மரபணுவை எல்லாம் பாத்து 2021-ல முடிவு சொல்லிச்சினம்: மிருகக்காட்சிச்சாலை ஓநாய் இல்லை, பின்லாந்துப் பக்கத்தால நடந்து வந்ததின்ர வழிதான். 1983-ல ஒரு சோடி முதல் குட்டி போட்டது, 1991-ல மூண்டாவதா ஒண்டு வந்து சேர்ந்தது, அந்தக் காலத்து முழுக் கூட்டமும் அந்த மூண்டு ஓநாயின்ர பரம்பரை. மூண்டே மூண்டு!

இந்த ரகசியமாக் கொண்டுவந்து விட்ட கதையைக் கேட்டதும் எனக்கு மயிர் கூச்செறிஞ்சது, ஏனெண்டா இஞ்சயும் அதே கதை இருக்கு. "கொழும்புப் பக்கத்துக் குரங்கைப் பிடிச்சு ராவோட ராவா லொறியில கொண்டுவந்து எங்கட பக்கம் இறக்கிறாங்கள்" எண்டு எங்கட ரோட்டில சொல்லாத ஆள் இல்லை. யானைக்கும் அப்பிடியே. ஆனா யானை விஷயத்தில அது முழுக்க வதந்தி எண்டு தள்ளவும் ஏலாது. தொல்லை குடுக்கிற தனியனைப் பிடிச்சு லொறியில ஏத்தி வேற காட்டில விடுறது இந்த நாட்டில வருஷக்கணக்கா நடக்கிற வேலை, பிடிச்சதை அடைச்சு வைக்கிற இடமும் ஹொரவப்பொத்தானையில இருக்கு. அப்பிடிக் கொண்டுபோய் விட்ட 12 ஆண் யானைகளுக்கு இடம் காட்டுற கழுத்துப் பட்டி கட்டிப் பாத்து 2012-ல ஒரு ஆய்வு வந்தது. சிலது திரும்பிப் பழைய இடத்துக்கே போகுது, சிலது ஊர் ஊரா அலையுது, பிரச்சினையும் கூடுது, யானையும் சாகுது. அப்ப ஒரு விவசாயி தன்ர வயலில புது யானையைக் கண்டு "இது கொண்டுவந்து விட்டது" எண்டு சொல்லேக்க அவரைப் படிப்பில்லாதவர் எண்டு நினைக்கிற ஆக்களோட எனக்குக் கோபம் வருது. எப்ப, எதை, எங்க விட்டது எண்டதை அந்த ஊருக்குச் சொல்லியிருந்தா அவர் ஏன் ஊகிக்கப்போறார்?

அண்ணா பிறகு வேற நாட்டுக் கதையளும் அனுப்பினார். 2024-ல பிரான்சில, மதிப்பிட்ட ஓநாய்த் தொகையில 19 வீதம் வரைக்கும் வருஷத்தில சுடலாம் எண்டு இருந்தது, 1,104 எண்டு மதிப்பிட்டவை, அந்த வருஷத்துக்கு 209 எண்டு வந்தது. எண் எழுதினவுடன அது தோட்டாக் கணக்கா மாறுது. ஆட்டுக்காரருக்கு எண் குறைச்சுக் காட்டின மாதிரித் தெரியும், ஓநாயில பாசம் உள்ளவைக்குக் கூட்டிக் காட்டின மாதிரித் தெரியும், ஒரே தாள்தான். அமெரிக்காவில விஸ்கொன்சின் மாநிலத்தில 2021 பெப்ரவரியில வேட்டைக்காரருக்கு 119 எண்டு அளவு வச்சு விட்டவை, மூண்டு நாள் முடியிறதுக்குள்ள 218 போச்சுது. கணக்கு எவ்வளவு நல்லா எடுத்தாலும் அதைக் காப்பாத்துற கை இல்லையெண்டா என்ன பலன்.

எங்கட டவுனிலயே பாருங்கோ. பிரெட்ரிக் கோட்டைக்க, கோணேசர் கோயிலுக்குப் போற வழியில, கடற்கரையில மான் நிக்கும், திருகோணமலை எண்டா வாறவை படம் எடுக்கிறது அதைத்தான். எத்தனை நிக்குது எண்டு கேட்டா கச்சான் விக்கிற அக்கா ஒரு கணக்கு, ஓட்டோக்காரர் ஒரு கணக்கு. பொலித்தீன் திண்டு செத்த மானைக் கண்டிருக்கிறன், அதை ஆராவது ஒரு கொப்பியில எழுதினதைக் கண்டதில்லை. ஊரே ஆசையா வளக்கிற மானுக்கு இந்த நிலை.

போன தைப்பொங்கலுக்குச் சித்தப்பா வீட்டுக்குப் போனன். பொங்கல் முடிய, சுவரில தொங்கின பழைய முருகன் காலண்டரைக் கழட்டப் போனன், புதுசு மாட்ட. "அதை எடுக்காத" எண்டார். பாத்தா, மாசம் மாசமா சில தேதிகளில நீலப் பேனையால வட்டம் போட்டிருக்கு, பக்கத்தில சின்னதா "2 மணி", "தெற்கு", "வரம்பு உடைச்சது" எண்டு எழுத்து. யானை வந்த ராத்திரிகள். ஒரு வருஷத்தில 23 வட்டம். நான் அப்பிடியே விறாந்தையில குந்திட்டன். திணைக்களத்துக்காரர் மூண்டு ராத்திரி எண்ணினதை நாங்க நாடு முழுக்கக் கதைக்கிறம், இந்த மனுசன் ஒரு வருஷம் முழுக்க எண்ணியிருக்கிறார், ஆரும் கேட்டதில்லை, நானும் கேட்டதில்லை.

ஒவ்வொரு வட்டத்தையும் காட்டி எந்த யானை எண்டு கேட்டன். அவருக்கு எல்லாம் ஞாபகம். ஒண்டுக்கு இடக் காது கீழ கிழிஞ்சு தொங்கும், ஒண்டுக்கு வால் நுனியில மயிர் இல்லை, ஒண்டு மட்டும் பக்கத்தில ஒரு சின்ன ஆண் யானையைக் கூட்டிக்கொண்டு வரும். யானை ஆராய்ச்சி செய்யிறவையும் காது கிழிசலையும் வாலையும் வச்சுத்தான் ஒண்டை ஒண்டு பிரிச்சு அடையாளம் காணுறவை, சித்தப்பாவுக்கு அதை ஆரும் சொல்லிக் குடுக்கேல்ல. நான் ஒரு தாளில எழுதிக்கொண்டே போனன். கடைசியில 23 ராத்திரிக்கும் சேர்த்து வந்தது நாலு யானை.

அவருக்கு அது பிடிக்கேல்ல. "அப்ப நான் சொல்லுறது பொய்யோ? வருஷம் முழுக்க யானை எண்டு நான் கத்தினது நாலு யானைக்கோ?" எண்டு கேட்டார், குரல் கொஞ்சம் உடைஞ்சது. இல்லை சித்தப்பா, நாலு யானை வந்தாலும் 23 ராத்திரி நித்திரை போனது உங்களுக்குத்தானே, போன நெல்லும் 23 தரம் போன நெல்லுத்தானே எண்டு சொன்னன். இந்த நாட்டில யானை திரியிற இடம் நிலத்தில 60 வீதம் அளவு, அதில 70 வீதத்துக்குக் கிட்ட மனுசரும் குடியிருக்கிறம் எண்டு 2021-ல வந்த ஒரு ஆய்வு சொல்லுது. ஒரே நாலு யானையை ஒரே ஊர் திரும்பத் திரும்பக் காணும். யானை கூடிற்று எண்டு ஊர் சொல்லும், கூடேல்ல எண்டு கொழும்பு சொல்லும், ரெண்டு பேரும் வேற வேற விஷயத்தை எண்ணுறம் எண்டு ஆரும் நடுவில இருந்து சொல்லுறதில்லை. கொழும்புக்குத் தேவை எத்தனை யானை எண்டது. சித்தப்பாவுக்குத் தேவை எத்தனை ராத்திரி எண்டது. அந்த ரெண்டாவது எண்ணை எந்தக் கணக்கெடுப்பிலயும் நான் காணேல்ல, அது இல்லாத வரைக்கும் 7,451 எண்டாலும் 17,451 எண்டாலும் தம்பலகாமத்துக்கு ஒண்டுதான்.

அவர் கனநேரம் பேசாம இருந்தார். சித்தி தேத்தண்ணி கொண்டுவந்து வச்சா, அதையும் தொடேல்ல. பிறகு என்ர தாளை வாங்கி, கண்ணாடியைப் போட்டு, நாலு பேரையும் திரும்ப வாசிச்சிட்டு, மூண்டாவது வட்டத்தில நான் எழுதினது பிழை, அண்டைக்கு வந்தது வால் மயிர் இல்லாதவன் இல்லை எண்டு திருத்தினார்.

நான் அந்தக் காலண்டரின்ர ஒவ்வொரு பக்கத்தையும் படம் எடுத்து வச்சிருக்கிறன். புதுக் காலண்டருக்குப் பக்கத்தில கடையில இருந்து ஒரு ஸ்டாக் கொப்பி கொண்டுபோய்க் குடுத்தன், கோடு போட்டு: தேதி, நேரம், எந்தப் பக்கத்தால, ஆர், கண்டதோ சத்தம் மட்டுமோ. கடைசிப் பத்தி ஏன் எண்டு கேட்டார். ஆணி நிறுத்த கதையைச் சொன்னன்.

போன கிழமை ராத்திரி ரெண்டரைக்குப் போன் அடிச்சது. அந்த நேரத்தில போன் எண்டா எனக்கு நெஞ்சு பதறும், யானை அடிச்சுப்போட்டுதோ எண்டு. எடுத்தா பரணில இருந்து சித்தப்பா, மூச்சு வாங்க, மெல்லமாக் கதைக்கிறார்.

"தம்பி, இண்டைக்கு வந்தது காது கிழிஞ்சவன் இல்லை. மற்ற மூண்டும் இல்லை. இது புதுசு ஒண்டு. கண்டனான், சத்தம் இல்லை, கண்ணால கண்டனான். எழுதிக்கொள்."